மாடிப்படி வரைக்கும் சிக்னல்

பெட்டியைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்க்கிறார் ரோமன் நோவிட்ஸ்கி. உள்ளே இருப்பது ரவுட்டர். தட்டினால் அது என்ன சொல்லிவிடப் போகிறது? ஆனால் பஃபலோ நகரத்து வீடுகளுக்குச் சுவர் பூசியே வயதானவர் அவர். பூசணிக்காய், கார் கதவு, வரப்போகும் மாப்பிள்ளையின் முதுகு, எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பியதில்லை.

“சுவரைத் துளைச்சிக்கிட்டுப் போகுமாம், போட்டிருக்கான். எந்தச் சுவரை? இப்பக் கட்டுறானுங்களே, அந்த அட்டைச் சுவரையா?”

கடையில் விற்பனைக்கு நிற்கும் டார்லீன் முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள். வாங்கிப்போய் வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் ரசீதோடு திருப்பிக் கொடுப்பது அங்கே எல்லாரும் செய்வதுதான். ரோமனைப்போல் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கசங்காமல் மடித்துக் கொண்டுவருகிறவர்கள் இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகும் வயர்லெஸ் கார்டிலும் அவர் வாங்கிப்போய்த் திருப்பாத ரகம் கிடையாது.

“எதுக்கு இந்தப் பாடு ரோமன்? நீளமா ஒரு கேபிள் வாங்கி மாடிக்கு இழுத்து விடுங்க. வேலை முடிஞ்சுது.”

“கேபிள் பேச்சே எடுக்காதே.”

மாடி அறையில் விளக்கு வயர் காலில் சிக்கி விழுந்தவள் அவர் மனைவி ஹெலீன். ஒடிந்த இடுப்பு எலும்பு கூடவில்லை; அந்த அறையிலேயே படுக்கை. இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்றே அந்த அறையில் வயர் என்று இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார். எழுந்தே நடக்காதவள் எப்படித் தடுக்கி விழுவாள் என்று அவரிடம் யார் கேட்பது?

அரிசோனாவில் மகள் பௌலாவுக்குப் பெண் குழந்தை. ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் காட்டுகிறாள். பேத்தியின் முகம் அசைவதை ஹெலீன் இன்னும் பார்த்ததில்லை. இன்டர்நெட் இணைப்பு வருவது நிலவறைக்கு. அங்கிருந்து மாடி அறைக்குள் மட்டும் சிக்னல் நுழைய மாட்டேன் என்கிறது.

ஏன் என்று ரோமனுக்குத் தெரியும். டார்லீனிடம் சொன்னதில்லை. வேலைக்குப் போன காலத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் ஹெலீன் பகலில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, அந்த அறையைச் சுற்றி இரும்பு வலையை இரட்டையாக அடித்துக் கனமாகப் பூசியவர் அவரேதான். அன்று சத்தத்தைத் தடுத்த வலை இன்று சிக்னலையும் தடுக்கிறது. ஒருநாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார்.

“சுவர்ல கை வெச்சே, அப்புறம் தெரியும் சேதி” என்றாள் ஹெலீன். “எனக்குன்னு நீ செஞ்சது அது ஒண்ணுதான்.”

சுத்தியல் கீழே இறங்கியது. பாவம், மனுஷன் மறுபடி கடைக்குப் போனார்.

இந்த ஞாயிறு புது ரவுட்டர், புது கார்டு. சிக்னல் மாடிப்படியின் திருப்பம் வரை வந்து நொண்டியது. அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்தார். குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டது. அத்தோடு படம் பாதி முகத்தோடு கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

“என்ன பண்றா? சொல்லேன்!” மேலிருந்து குரல்.

“சிரிக்கிறா ஹெலீன்! கையை ஆட்டுறா!”

“நானும் ஆட்டுறேன்னு அவகிட்ட காட்டு!”

அசையாத திரைக்கு முன்னால் ரோமன் கையை உயர்த்தி, மெதுவாக ஆட்டினார்.