வாளி எடையில் இரண்டு பெட்டிகள்

பெரிய ஸ்பீக்கர் பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையிலும் பேஸ் அக்கா அதன்மேல் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார். நான்கு கம்பிகளில் தடித்ததை மட்டும் ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி முழுவதும் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு முறை. வாசலில் வண்டி காத்திருந்தது. பெட்டியை எடுத்துப்போக வந்தவர், எழுந்திருக்கச் சொல்லலாமா என்று அக்காவின் கணவரைக் கண்ணால் கேட்டார். கணவர் உதட்டைப் பிதுக்கினார். அந்த வீட்டில், பெட்டிமேல் சாய்ந்திருப்பவரை யாரும் எழுப்புவதில்லை.

எந்த ஸ்பீக்கர் பெட்டியையும் அக்கா சோதிப்பது இப்படித்தான். விற்க வருகிறவர்கள் வேகவேகமாக விரலை ஓட்டிக் காட்டுவார்கள். "நான் என்ன பந்தயம் பார்க்கவா வந்தேன்?" என்று கிட்டாரை வாங்கிக்கொள்வார். பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து அந்த ஒற்றை ஒலியை எழுப்புவார். நல்ல பெட்டி என்றால் அதிர்வு இடுப்பில் தொடங்கித் தோள்வரை ஏறுமாம். சொத்தைப் பெட்டி தோளை மட்டும் சொறிந்துவிட்டுப் போய்விடுமாம். "காது பொய் சொல்லும். முதுகு சொல்லாது."

அவருடைய தம்பி டிரம்ஸ் வாசிப்பவர்; ஓர் இசைக்குழுவை நடத்துகிறார். தம்பி அக்கா என்று கூப்பிட்டார், குழு கூப்பிட்டது, பிறகு அவரைவிட மூத்தவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். சொந்தப் பெயர் இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது. குழுவில், மிகத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பேஸ் கிட்டாரை வாசிப்பது போக மற்ற நாட்களில், ஒலியைப் பெருக்கும் பழைய பேஸ் ஆம்ப்களையும் பெட்டிகளையும் வாங்குவது, விற்பது, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொடுப்பது. முன்னறையில் சோபா கிடையாது. வருகிறவர்கள் ஏதாவது ஒரு பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஓர் அதட்டல் வரும்: "மெதுவா. அது இன்னொருத்தர் வீட்டுக்குப் போற பொண்ணு."

வாங்க வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன பாட்டு வாசிப்பீர்கள் என்பதல்ல. "எத்தனாவது மாடி?" ஆம்ப் இன்றைக்குக் கைப்பையில் அடங்கிவிடுகிறது. பெட்டி அடங்காது. ஆசைப்பட்டு வாங்கிய பெட்டியைத் தூக்க முடியாமல் பாதிப் படியில் நின்று கண்கலங்கிய ஆண்பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார்.

தூக்குவது விஷயத்தில் குழுவுக்கென்று ஒரு சட்டம் உண்டு. தன் பெட்டியைத் தானே மேலே கொண்டுவராதவர் அன்றைக்கு வாசிக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அக்காதான். கீபோர்டுக்காரர் ஒருவர், எல்லாரும் ஏற்றி முடித்த பிறகு தேநீர்க் கோப்பையோடு மெல்ல வந்து சேருவதை வழக்கமாக வைத்திருந்தார். ஒருநாள் அவரை அரங்கத்துக்கு வெளியிலேயே நிறுத்தி, அவர் இல்லாமலே நிகழ்ச்சியை முடித்துவிட்டார் அக்கா. மறுவாரம் கீபோர்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் வந்தார். அதன்பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை. அக்காமேல் அவருக்கிருந்த கோபமும் ஒரு நாளும் தணியவில்லை.

அக்காவின் பெட்டியோ, எட்டு ஸ்பீக்கர் வைத்து, மார்பு உயரத்துக்கு அலமாரிபோல் நிற்கும். சமதளத்தில் சக்கரத்தில் உருளும். படிக்கட்டில், அக்கா அதைச் சாய்த்துப் பிடித்து, பின்பக்கமாக ஏறிக்கொண்டே ஒவ்வொரு படியாக இழுப்பார். அப்படி இழுத்த ஒரு மாலையில் முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியது. பாதிப் படியில் பெட்டியையும் விடாமல், உட்காரவும் முடியாமல் நின்றவரைத் தம்பி வந்து பிடித்தார்.

பல வாரம் படுக்கை. நிகழ்ச்சிகளுக்கு வேறொருவர் வந்து வாசித்தார். அவருக்குப் பெட்டியே இல்லை. கிட்டாரிலிருந்து ஒரு வயரை நேராக அரங்கத்தின் ஒலிபெருக்கியில் செருகிக்கொண்டு, காதில் சின்னக் கருவி மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனார். நீயும் இப்படியே வாசித்தால் என்ன என்று தம்பி கேட்டபோது அக்கா படுத்தபடியே தலையை ஆட்டினார். "காதுல வர்றது பேஸ் இல்லடா. பேஸ் வந்துச்சுங்கற சேதி."

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மருத்துவர் சொல்லி அனுப்பினார்: ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். வேறு யாராக இருந்தாலும் சரி என்று வந்திருப்பார்கள். அக்கா கதவருகே நின்று திரும்பிக் கேட்டார்: "எவ்ளோ பெரிய வாளி டாக்டர்?"

மருத்துவர் சிரித்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்ததிலேயே பெரிய வாளியை விளிம்புவரை நிரப்பி எடைபோட்டார் அக்கா. முள் நின்ற இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. அன்றிலிருந்து பெட்டி பார்க்கப் போகும் இடமெல்லாம் அந்த எடை இயந்திரமும் கூடப் போயிற்று. "விக்கிறவன் சொல்ற எடை, மாப்பிள்ளை வீட்டுல சொல்ற வயசு மாதிரி. ரெண்டு மூணு குறைச்சுத்தான் வரும்."

தம்பிக்கு இந்தப் பிடிவாதம் புரியவில்லை. நீ வந்து உட்கார்ந்து வாசி, பெரிய பெட்டியை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொள்கிறோம் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"அப்போ அன்னிக்கு அவனை எதுக்குடா வெளிய நிறுத்தினேன்?"

"அது அவன் சோம்பேறித்தனம்க்கா. இது உடம்பு."

"சட்டத்துல அப்படி எழுதலையே."

கச்சேரிப் பருவத்தின் முதல் நிகழ்ச்சி மூன்றாம் மாடி அரங்கத்தில். லிஃப்ட் இல்லாத கட்டிடம். அதற்குள் தன்னால் தூக்க முடிந்த பெட்டி கிடைத்தால் வாசிப்பது. கிடைக்காவிட்டால் குழுவிலிருந்து விலகிவிடுவது. இதைத் தம்பியிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

சிவப்புக் கோட்டுக்குள் அடங்கிய பெட்டிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஒன்றால் ஓர் அரங்கத்தை நிரப்ப முடியாது. "கடையில சிங்கம், மேடையில சித்தெறும்பு" என்று பலவற்றைத் தள்ளினார். கடைசியில் ஒரு கணக்கு உதித்தது. ஒரே மாதிரியான சின்னப் பெட்டி இரண்டு. இரண்டு நடை. ஒவ்வொரு நடையும் ஒரு வாளி. ஒன்று ஏற்கெனவே முன்னறையில் இருந்தது. அதன் ஜோடியைத் தேடும்போதுதான் ஓட்டுநர் கிடைத்தார்.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பேஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, மூன்று சுரம் பிடிபட்டிருந்தது. அவரிடம் இருந்ததோ அதே மாதிரியான சின்னப் பெட்டி. அவருக்கு வேண்டியதோ பெரியது. "இத்தனை வருஷம் இன்ஜின் மேலயே உட்கார்ந்திருந்தேன்மா. இப்போ வீட்டுத் தரை சத்தமே போட மாட்டேங்குது. காலுக்குத் தூக்கம் வரல."

அக்காவுக்கு அந்த ஆளை உடனே பிடித்துவிட்டது. எத்தனாவது மாடி என்று கேட்டார். தரைத்தளம் என்றார் ஓட்டுநர். தன் பெட்டியை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னார்: உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் திருகாணி கழற்றித் திறந்து பார்த்து, தூசி தட்டி, மறுபடி பூட்டிவிட்டாராம். அக்கா தலையாட்டிக்கொண்டே அதன்மேல் சாய்ந்து பார்த்தார். இடுப்பிலிருந்து தோள்வரை ஏறியது. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை. கண்ணைத் திறந்து எழுந்து, தானே செருகியைக் கழற்றினார். வண்டியில் ஏற்றும்போது கை வைக்கவில்லை. முகம் குப்புறச் சாய்க்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், வாரம் ஒரு தடவை போன் பண்ணட்டுமா என்றார்.

"வேண்டாம். இது மேடை ஏறுற அன்னிக்குச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி சொல்லாதீங்க."

ஒத்திகையும் அதே மூன்றாம் மாடியில். அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரிலுள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, மனைவி படியேறுவதைப் பார்க்கும் தலையெழுத்து தனக்கு என்று முனகினார். "கையை ரெண்டையும் பாக்கெட்டுல போட்டுட்டு நில்லுங்க" என்று உத்தரவு. முதல் பெட்டி போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டார். இறங்கி வந்து இரண்டாவது. மேலே போனதும் முகம் வெளுத்திருந்தது, ஆனால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கீபோர்டுக்காரரைப் பார்த்து ஒரு புன்னகை.

புன்னகை முதல் பாட்டுவரைதான். டிரம்ஸ் கேட்டது, பாட்டு கேட்டது, பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கொசு ரீங்கரித்தது. ஆம்ப்பில் ஒலியைக் கூட்டினார், கொசு பெருத்தது, அவ்வளவுதான். கீபோர்டுக்காரர் இத்தனை வருடம் காத்திருந்த வாக்கியத்தைப் பணிவாகச் சொன்னார்: "அக்கா, சுவிட்ச் போட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தம்பி தணிந்த குரலில், நிகழ்ச்சிக்கு இன்னும் சில நாட்கள்தானே, ஓட்டுநரிடம் பேசிப் பெரியதை ஒரு நாளைக்குத் திரும்ப வாங்கட்டுமா என்று கேட்டார். அக்கா கிட்டாரை உறையில் போட்டார். "ரெண்டு பெட்டியும் நல்ல பெட்டி. நான் சாஞ்சு பார்த்திருக்கேன்."

மறுநாள் காலை முன்னறையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றுமேல் சாய்ந்தார்; நன்றாக இருந்தது. மற்றொன்று; அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்து இணைத்தால் கொசு. ஒன்றைப் பிடுங்கினால் ஒலி பெருகியது. ஒருவர் தனியாகப் பேசும்போது கேட்கிற குரல், இருவர் சேர்ந்து பேசும்போது காணாமல் போவது எப்படி? சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். பாதிக் குவளையில் நிறுத்தித் திரும்பி வந்தார்.

சுவரிலிருந்த கடிகாரத்தை இறக்கி அதன் பேட்டரியைக் கழற்றினார். முதல் பெட்டிக்குப் போகும் வயரின் செருகியில் உள்ள இரு முனைகளிலும் பேட்டரியைத் தொட்டார். ஸ்பீக்கரின் தாள் வெளியே துள்ளியது. இரண்டாவது பெட்டிக்கு அதையே செய்தார். தாள் உள்ளே போயிற்று.

ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தூசி தட்டிய ஓட்டுநர், மறுபடி பூட்டும்போது உள்ளே இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டார். தனியாக இருக்கும்வரை அது குற்றமே இல்லை. தனியாகச் சாய்ந்து பார்க்கும் எந்த முதுகுக்கும் தெரியாது. ஜோடி சேர்ந்த பிறகுதான் தெரியும். அக்கா திருகாணிகளைக் கழற்றி, வயர்களை மாற்றி மாட்டி, மூடினார்.

தடித்த கம்பியை ஒருமுறை மீட்டியதும் சமையலறையில் தட்டுகள் பேசின. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். கணவர் விஷயத்தைக் கேட்டுத் தாடையைத் தடவினார். "ஒண்ணு தள்ள ஒண்ணு இழுக்க. நம்ம ரெண்டு பேர் மாதிரியே இருந்திருக்கு."

"நாம சேர்ந்தா சத்தமாவது வருமே" என்றார் அக்கா.

நிகழ்ச்சியன்று இரண்டு நடையையும் அவரே ஏறினார். இரண்டாவது நடையில் கடைசித் திருப்பத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே தம்பி கையை நீட்டியவர், அக்கா பார்த்த பார்வையில் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். பின்னால் கீபோர்டுக்காரர் தன் பெட்டியோடு ஏறி வந்து நின்றார். முந்திப் போக இடம் இருந்தது. போகவில்லை. தன்னுடையதையும் கீழே வைத்துவிட்டு, எனக்கும் மூச்சு வாங்குகிறது என்றார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பிறகு அவரவர் பெட்டியை அவரவர் தூக்கினார்கள். அன்று அரங்கத்தின் கடைசி வரிசையில் நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன.

அந்தக் கடிகாரம் அதன்பிறகு ஓடவில்லை. பேட்டரி அக்காவின் கைப்பையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் பேட்டரி, பிறகுதான் முதுகு. நேரம் கேட்கிறவர்களைக் கணவரிடம் அனுப்பிவிடுகிறார்.

ஓட்டுநரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தப் பருவம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. பெரிய பெட்டி நின்ற இடத்தில் துணி இஸ்திரி போடும் மேசை வந்தது. இந்த வருடம் ஒரு காலை, அக்கா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செல்பேசி ஒலித்தது. எழுத்தில் ஒரு செய்தி: "பெட்டி நேத்து மேடை ஏறிடுச்சும்மா. கூடவே நானும்." அதன்கீழே ஒரு பாட்டின் பதிவு.

கணவரும் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். செல்பேசியில் டிரம்ஸ் கேட்டது. யாரோ பாடினார்கள். கைதட்டல்கூடக் கேட்டது. "இவர் வாசிக்கவே இல்லையே" என்றார் கணவர்.

அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "இத்தனூண்டு ஸ்பீக்கர்ல பேஸ் எங்க வரும்?" என்று செல்பேசியை ஆம்ப்பில் செருகினார். இரண்டு சின்னப் பெட்டிகளையும் இணைத்தார். பாட்டை முதலிலிருந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, திரும்பி முதுகைச் சாய்த்துக்கொண்டார்.