பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த வாயாடி

கார் ஓட்டக் கற்றுத்தருவதில் அவரைப் போன்ற பொறுமைசாலி கிடையாது என்பார்கள். நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, அழத் தொடங்கும் ஆளிடம்கூட, "ரோடு எங்கயும் ஓடிப்போகாது, மெதுவா எடுங்க" என்பார். அந்தப் பொறுமையெல்லாம் வீட்டு வாசலோடு சரி. உள்ளே மகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். பத்தாவது முடிக்கும்வரை பொருத்தமான பெயர்தான். பதினொன்றாவதில் பேச்சு நின்றுபோனது. ஒரு தரம் கேட்டால் ஒற்றைச் சொல். மறுபடி கேட்டால் வள்ளென்று விழுவாள். குளிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. இரவெல்லாம் விழிப்பு, பகலில் தூக்கம். மார்க் சரிந்தது. ஒருநாள் பரீட்சைத் தாளைக் கிழித்து டீச்சர் மேஜையில் போட்டுவிட்டாள் என்று பள்ளிக்கு அழைத்தார்கள்.

"உங்க பொண்ணுக்குத் திமிர் ஜாஸ்தி சார். கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார் டீச்சர்.

கண்டித்தார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சண்டைக்கு வருவாள் என்று வரிந்துகட்டி நின்றார். அவளோ "சரி" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாட்கள் போயும் போனைக் கேட்கவேயில்லை.

"பாத்தியா, வழிக்கு வந்துட்டா" என்றார் மனைவியிடம். சொல்லும்போதே நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

ஒரு காலை, ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு ஓட்டக் கற்றுத்தந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் சீருடையோடு, மடியில் பையோடு, மகள். ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தபோதும் அங்கேயே. பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியது. அவள் தலை நிமிரவில்லை.

"ஓரமா நிறுத்துங்கம்மா."

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா சார்?"

"நீங்க இல்லம்மா."

வாய் நிறைய ஏச்சோடுதான் இறங்கினார். பக்கத்தில் போய் அந்த முகத்தைப் பார்த்ததும் ஏச்சு மறந்துபோனது. அருகில் உட்கார்ந்தார்.

"என்னாச்சு கண்ணு?"

"தெரியலப்பா. கேள்வித்தாள்ல எழுத்து தெரியுது, ஒண்ணும் உள்ள போகல. எல்லாரும் திமிருங்கறாங்க. திமிர் பண்ணக்கூட எனக்குத் தெம்பு இல்லப்பா." பையின் வாரைத் திருகியபடி, "காலைல கண்ணு முழிக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணுது" என்றாள்.

அவர் நேராகவே கேட்டார்.

"செத்துடணும்னு தோணுதா?"

ஆமாம் என்று தலையசைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரம்மாவிடம் மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மகளை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

"மனநல டாக்டர்கிட்டயா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னங்க ஆகும்?" என்றாள் மனைவி.

"நாப்பது பேருக்குத் தெரியட்டும். செருப்பைப் போடு."

"இந்த வயசுல மனச்சோர்வு அழுகையாத்தான் வரணும்னு இல்லம்மா" என்றார் டாக்டர். "எரிச்சலா வரும். படிப்பு சறுக்கும். பாக்கறவங்க சோம்பேறித்தனம்னு நினைச்சுக்குவாங்க."

"நான் அவளை என்னென்னவோ பேசிட்டேனே!" தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் பேச வரச்சொன்னார்கள். அந்த வருஷப் படிப்பு போயே போய்விட்டது. தோழிகள் அடுத்த வகுப்புக்குப் போனதைக் கேட்ட அன்று சாப்பிட மறுத்தாள். கொஞ்சம் தேறுவாள், மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பாள். அவள் குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று இவர் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் கதவு படக்கென்று திறந்தது.

"அப்பா, இப்படி ஒட்டுக்கேக்காதீங்க. பயமா இருந்தா நேரா என்னைக் கேளுங்க."

அசடு வழிய நின்றார். பிறகு கேட்டார்: "இன்னைக்கு எப்படி இருக்கு?"

"மோசம்."

அன்று கார் ஓட்டக் கற்க வரவேண்டியவர்களுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். அவள் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.