பட்டிமன்றத்துக்கு மறுநாள்

செவிலிமேட்டில் எங்கள் தெருப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் முடியாமல் சுண்டல் கிடைக்காது. இந்த வருடத் தலைப்பு: பாலாறு காய்ந்து கரை தீப்பிடிப்பதற்குக் காரணம் வானமா, மனிதனா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மனிதன் விழுந்தான். என் மனைவிக்கு வானம்.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. எங்கள் பின்சுவரைத் தாண்டினால் காய்ந்த புல்லும் சீமைக் கருவேலமும்தான். போன கோடையில் தீ சுவர் வரைக்கும் வந்துவிட்டது. பின்னறையில் அவள் தறி. அதில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. தறியில் பூட்டிய பாவு நூலை அறுத்தால்தான் அதை வெளியே கொண்டுவர முடியும். அவள் அறுக்கவில்லை. ஈரச் சாக்கோடு சுவரடியில் நின்று தீயை அடித்து அணைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த கோடைக்குள் கரையோரப் புல்லை எல்லோரும் சேர்ந்து அறுத்துவிடலாம் என்று வீடு வீடாகச் சொன்னாள். தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

மேடையில் நான் வெளுத்து வாங்கினேன். மணல் கொள்ளை, ஆழ்துளைக் கிணறு, ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகள், குப்பைக்கு வைக்கும் நெருப்பு. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அவளோ தனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்காகவும் நேர்மையாக வாதாடினாள்: தவறும் மழை, ஏறும் வெயில், நின்றுபோன ஊற்று. மனசுக்குள் நானே அவளுக்குக் கைதட்டினேன். நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு பக்கத்தையும் தடவிக் கொடுத்துவிட்டு, மனிதனே என்று முடித்தார். எனக்குப் பொன்னாடை.

எல்லோரும் சுண்டலுக்கு எழுந்தபோது அவள் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

“நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். காரணம் மனுசன்னு சார் தீர்ப்பு சொல்லிட்டாரு. அப்ப செஞ்சவங்கதான சரி பண்ணணும்? காலைல அரிவாள் எடுத்துக்கினு ஆத்தங்கரைக்கு வாங்கபா. மொதல்ல எங்க வூட்டுக்காரரு வருவாரு. அவருதான ஜெயிச்சவரு.”

தெருவே சிரித்தது. பட்டிமன்றத் தீர்ப்பை ஒருத்தி நிஜத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வாள் என்று யார் கண்டது? மறுநாள் நான் போகாமல் தப்பிக்க வழியில்லை. என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுவரும் வந்தார். வெயில் ஏறுவதற்குள் பாதித் தெரு வந்துவிட்டது. வீடுகளின் பின்சுவரை ஒட்டி, வண்டி போகும் அகலத்துக்கு, மண் தெரியும்வரை அறுத்தோம். என் கையில் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

பங்குனியில் தீ வந்தது. யார் வைத்தது என்று டீக்கடையில் இன்னும் வாதம் நடக்கிறது. வெறும் மண் வரைக்கும் வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே அடங்கிவிட்டது. அன்று தறியில் இருந்த புடவைமேல் ஒரு கரித்துகள்கூடப் படவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

“நீதாம்மா ஜெயிச்ச,” என்றேன்.

இந்த முறை தேவைப்படாத ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“நான் ஜெயிச்சிருந்தா, எல்லாம் வானம் பாத்துக்கும்னு நீங்கல்லாம் சுண்டல் துன்னுட்டு போயிருப்பீங்க. தோத்ததுதான் நல்லதாப் போச்சு.”