சூடேறிய மாணிக்கக் குச்சி

பிள்ளைகளே, அப்பா பொய் பேசாதவர் என்று நீங்கள் மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், ஜாலான் புசார் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். அங்கே ஒரு லேசர் இருந்தது. விரல் நீளத்துக்குச் செயற்கை மாணிக்கக் குச்சி, அதைச் சுற்றி ஒரு விளக்கு, இரு முனைகளுக்கும் எதிரே ஒவ்வொரு கண்ணாடி. விளக்கு ஒருமுறை மின்னினால் குச்சியிலிருந்து சிவப்புக் கதிர் பாய்ந்து கறுப்புக் காகிதத்தைத் துளைத்துவிடும். அந்த லேசரைக் கவனித்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்து இளம் விரிவுரையாளர். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. துறைத் தலைவர் பார்க்க வரும் நாளில் கதிர் ஒழுங்காக வந்தால் நிரந்தரமாகும் என்று நம்பியிருந்தார்.

“ஒருக்கா விளக்கை அடிச்சால் அஞ்சு நிமிசம் ஆறவிடவேணும், அண்ணை” என்று சொல்லியிருந்தார். காதில் வாங்கினேன், நம்பவில்லை. வால்வு ரேடியோ சூடேறினால்தானே பாடும்? அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, தலைவர் வரவிருந்த அன்று காலை பத்துப் பதினைந்து தடவை விடாமல் மின்னவைத்துச் சூடேற்றி வைத்தேன்.

தலைவர் வந்தார். விளக்கு மின்னியது. காகிதம் அப்படியே இருந்தது. மறுபடியும் அப்படித்தான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அண்ணை, காலமை இதை ஆராவது அடிச்சதோ?”

“இல்ல சார். நான் தொடவே இல்ல.”

அவர் தலைவரிடம் திரும்பி, கண்ணாடிகளைத் தானே கோணலாக வைத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார்.

எல்லாரும் போனபின், மதியம் வரை அந்தக் கண்ணாடிகளோடு மாரடித்தார். பிறகு அடித்தார். காகிதத்தில் ஓட்டை.

“இப்ப மட்டும் எப்பிடி வந்தது?”

“சாமி புண்ணியம் சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சாமி இல்லை அண்ணை. குச்சி காலமை சூடாய் இருந்து இப்ப ஆறியிருந்தால் எனக்கு விளங்கும். சூட்டில உள்ளுக்கிருக்கிற அணுக்கள் கூடுதலாய் நடுங்கும். நடுங்கினால் வெளிச்சம் ஒரே நிறத்தில சேராமல் பரந்துபோகும், கதிர் எழும்பாது. ஆனால் நீங்கள்தான் தொடேல்லையே.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

அவர் நம்பியிருந்த நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. புறப்படும் நாளில் அவர், புதிதாக வந்தவரிடம் என்னைக் காட்டி, “இவர் நம்பிக்கையான ஆள், விட்டிடாதேங்கோ” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு அங்கே வேலை நிலைத்தது. உங்களைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தான்.