அண்ணியின் கால் அளவு

என் அண்ணி கடலுக்கு அடியில் வேலை பார்க்கிறவர். துறைமுகத்துக்குள் கப்பல்கள் நுழையும் வழியில் இரண்டு பக்கமும் மிதவைகள் நிற்கின்றன. ஒவ்வொரு மிதவையும் ஒரு சங்கிலியால் கடலடியில் கிடக்கும் கான்கிரீட் கட்டையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி தேய்ந்திருக்கிறதா, கொக்கி கழன்றிருக்கிறதா என்று மூழ்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அதைச் செய்கிறார். அதே படகில், யார் எப்போது இறங்கினார்கள், எப்போது ஏறினார்கள் என்று குறிப்பேட்டில் எழுதுவது நாத்தனாரான என் வேலை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை அண்ணியை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் காலில் இருந்தவை பழைய பிளாஸ்டிக் ஃபின்கள், வாத்தின் பாதம் போல விரிந்த நீச்சல் துடுப்புகள். எவ்வளவு உதைத்தாலும் அவற்றின் பலகை வளைந்துகொடுத்ததே தவிர தண்ணீரைத் தள்ளவில்லை. இருபத்தைந்து நிமிடம் நாங்கள் தேடினோம். வெகு தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடையாளப் பலூன் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அண்ணி மிதந்துகொண்டிருந்தார். படகில் ஏற்றியதும் அவர் முதலில் பார்த்தது இன்னொரு மூழ்காளரை. காலும் கழுத்தும் நீண்டவன் என்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"என்னடா, கண்ணு சிவந்திருக்கு? அழுதியா?"

"உப்புத் தண்ணி அக்கா."

"படகுக்குள்ள ஏதுடா உப்புத் தண்ணி?"

எல்லோரும் சிரித்தார்கள். படகின் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். முதுகுக்குப் பின்னால் அவரைக் கடிகாரம் என்றுதான் சொல்வோம். மறுநாள் அவர் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினார். மூன்று வாரத்தில் பௌர்ணமி. அதற்கு மறுநாள் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும். அன்றைக்கு முதல் மிதவையின் சங்கிலி வழியாக இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து அறுபது மீட்டர் நீந்தி, இரண்டாவது மிதவையின் கட்டையில் கட்டியிருக்கும் கயிற்றை மூன்று முறை இழுக்க வேண்டும். தலை மறைந்ததிலிருந்து ஒன்பது நிமிடம். முடியாவிட்டால் இனிமேல் மேல்தளத்தில் கயிறு பிடிக்கிற வேலைதான்.

"அதுவும் நல்லதுக்குத்தான். படகுலயே உட்கார்ந்துக்கோ" என்றான் அண்ணன், இரவுச் சாப்பாட்டின்போது.

"உட்கார்றதுக்கு நான் எதுக்கு? ஒரு சாக்கு மூட்டையை ஏத்திக்கிட்டா போதுமே."

"மூட்டையைத் தண்ணி இழுத்துட்டுப் போனா யாரும் தேட மாட்டாங்க. உன்னைத் தேடணும்."

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். பெண்களுக்கு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டியதெல்லாம் வெளிர்நீலமும் ரோஜா நிறமுமாக இருந்தது. அண்ணி ஒன்றின் நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினார். அது வில்லாக வளைந்தது.

"இதை வச்சு விசிறிக்கலாம். கரண்டு போனா உதவும்."

"லேடீஸ் கால் அளவுக்கு இதெல்லாம்தான் மேடம் போகுது."

"ஓட்டம் பொம்பளைன்னு பார்த்து மெதுவாப் போகுமா? கெட்டியானதைக் காட்டுங்க."

அவர் உள்ளே போய்க் கறுப்பு ரப்பர் ஃபின்கள் இரண்டு ஜோடி கொண்டுவந்தார். கனமானவை. பலகையில் தண்ணீர் வழிந்து போக நீளமான துளைகள் இருந்தன. குதிகாலில் வாருக்குப் பதில் ஸ்பிரிங். முதல் ஜோடி ஆண்களுக்கான பெரிய அளவு. இரண்டாவது அதே ரப்பரில் சின்ன அளவு, ஆனால் பலகை நான்கு விரல் குட்டை. அண்ணி இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நாலு விரல்னா தள்ளுற தண்ணியும் நாலு விரல் குறையும்" என்றார் கடைசியில். பெரியதையே எடுத்தார். கால் உள்ளே ஆடாமலிருக்க இருப்பதிலேயே தடிமனான ரப்பர் பூட்ஸும், அதற்குள் போட ஒரு ஜோடி ரப்பர் காலுறையும் வாங்கிக்கொண்டார். மூன்றையும் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலடி பின்பக்கமாக நடந்து காட்டினார். இறுக்கமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் தினமும் விடிந்ததும் நீச்சல் குளத்தில் பயிற்சி. குளத்தின் ஆழமான பக்கம் மூன்று மீட்டர். ஃபின் இம்மியும் அசையவில்லை. ஒரு உதைக்கு அவர் போன தூரத்தைப் பார்த்து ஒட்டகமே வாயைப் பிளந்தான். "அக்கா, எனக்கே வேலை போயிடும் போல!"

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு வழக்கமான வேலைக்காக அண்ணி பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இறங்கினார். நீரோட்டம் அடங்கியிருந்த நேரம். இருந்தும் நேரத்துக்கு முன்பே மேலே வந்துவிட்டார். வலது ஃபினைக் கையில் பிடித்திருந்தார்.

"கழண்டுடுச்சு" என்றார். முகம் வெளுத்திருந்தது. "இடதும் தொளதொளன்னு ஆயிடுச்சு."

ஒட்டகம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா! பூட்ஸு!"

அந்த ரப்பரில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் அடைந்திருக்கும். ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்கி ரப்பர் மெலிந்துபோகும். கடையில் விரல் தடிமனில் அடைத்து வைத்தது அடியில் பாதியாகிவிட்டது. ஸ்பிரிங் குதிகாலை மட்டும்தான் இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டில் விழுந்த இடைவெளிக்கு அது என்ன செய்யும்? புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணியே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

"ஊருக்கெல்லாம் சொல்லுவேன்" என்றார். பூட்ஸைக் கழற்றிப் படகின் மூலையில் வீசினார்.

மாலையில் மறுபடி கடை. சின்ன ஜோடி இன்னும் அங்கேயே இருந்தது. இந்த முறை அண்ணி மெல்லிய பூட்ஸ் போட்டு, கால்விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார், குதிகாலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகச் சொன்னார். நான் திருகினேன். காலோடு சேர்ந்துதான் ஃபின் திரும்பியது.

"பலம் குறைவா இருக்காதா அண்ணி?"

"தெரியல. கழண்டு போன ஃபின்னுக்கு இருக்கிற பலத்தைவிட அதிகமாத்தான் இருக்கும்."

பழகுவதற்கு மூன்றே நாள்தான் இருந்தது. புது ரப்பரின் விறைப்பில் இரண்டாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரவில் அண்ணன் அவர் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தான். நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

பரீட்சை நாளன்று, முதலாவது மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. எங்கள் படகு இரண்டாவது மிதவையில் கட்டப்பட்டிருந்தது. அடியிலிருந்து வரும் கயிற்றின் முனை கடிகாரத்தின் கையில் இருந்தது. ஆபத்து என்றால் குதிப்பதற்கு ஒட்டகம் சிலிண்டரோடு தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணியைச் சின்னப் படகில் கொண்டுபோய் முதல் மிதவையில் இறக்கினார்கள். அவர் தலை மறைந்ததும் குறிப்பேட்டில் எழுதினேன்: பத்து மணி பன்னிரண்டு.

மேலிருந்து பார்த்தால் எதுவும் புரியாது. மூச்சுக் குமிழ்கள் மேலே வருவதற்குள் ஓட்டம் அவற்றைப் பின்னால் தள்ளிவிடும். இருந்தும் அதையேதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நிமிடம் குமிழ்கள் எங்களை நோக்கி நகர ஆரம்பித்தன. நான்கு. ஐந்து. மெதுவாக என்றாலும் வந்துகொண்டிருந்தன.

ஆறாம் நிமிடம் நின்றுவிட்டன.

"நிக்குது" என்றான் ஒட்டகம்.

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் கடிகாரம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஒரே இடத்தில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக வெடித்தன. மூச்சு வேகமாக வாங்குகிறார் என்று அர்த்தம். ஒட்டகம் முகமூடியை மாட்டிக்கொண்டான். "சார், போகட்டுமா?"

"இரு."

"சார்..."

"அரை நிமிஷம் இரு. பின்னால நகரல பாரு. எதையோ பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

என் பேனா தாளில் ஒரே புள்ளியில் அழுந்தி நின்றது. ஏழு நிமிடம் கடந்துவிட்டது. குமிழ்களின் இடைவெளி கொஞ்சம் கூடியது. பிறகு அவை, நான் கற்பனை செய்கிறேனோ என்று பயந்தேன், முன்னால் நகர்ந்தன.

எட்டு நிமிடம். எட்டரை. கடிகாரத்தின் கையிலிருந்த கயிறு விறைத்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. மூன்றாவது இழுப்பில் அவர் தோளே குலுங்கியது.

"எழுதும்மா" என்றார் என்னிடம். "எட்டு நிமிஷம் ஐம்பது."

அண்ணி சங்கிலியைப் பிடித்தபடி நிதானமாக, உடம்பு அழுத்த மாற்றத்துக்குப் பழக இடையில் நிற்க வேண்டிய நேரம் நின்று, மேலே வந்தார். ஏணியில் வலது காலை ஊன்ற முடியவில்லை. நானும் ஒட்டகமும் கைகொடுத்துத் தூக்கினோம்.

"பாதியில கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு" என்றார் மூச்சு வாங்க. "ஒரு கையால பாறையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால ஃபின் நுனியை இழுத்து நீவி விட்டேன். பெருசு போட்டிருந்தா நுனி கைக்கே எட்டியிருக்காது. நாலு விரல்!" நான்கு விரலையும் ஒட்டகத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார். "அப்புறம் தரையை ஒட்டியே வந்தேன். அங்க ஓட்டம் கொஞ்சம் சாது."

கடிகாரம் ஒட்டகத்திடம் முகமூடியைக் கழற்றச் சொன்னார். பிறகு அண்ணியிடம், "கால் சரியாகுறதுக்கு ரெண்டு நாள் எடுத்துக்கோ. வியாழக்கிழமை எட்டாவது மிதவை" என்றார்.

நான் அண்ணனுக்குப் போன் செய்து அண்ணியிடம் கொடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏறிட்டேன்" என்றார் அண்ணி. "வியாழக்கிழமை மறுபடி இறங்கணும்."

அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். பிறகு அவன் ஏதோ கேட்டான்.

"வலது கால்தான்" என்றார். "ஆமா, இன்னும் வலிக்குது. நீ வேலையை முடிச்சிட்டு வா."