காறித் துப்பத்தான் ஜெபித்தேன்

ஒரே ஆண்டவரை நம்பி வாழ்கிற என் சொந்தங்களுக்கு ஸ்தோத்திரம். என் பெயர் கிருபா. இது ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வயது வரை என் பெயர் குப்பு. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அழகான சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. நான் அருவருப்போடு ஜெபித்தவள். அந்த ஜெபத்துக்கும் பதில் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னை வளர்த்த அம்மா பெயர் சரோஜா. நான் அவள் பெற்ற பிள்ளை இல்லை என்பது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். "குப்பையில கெடந்த, எடுத்தாந்தேன்" என்று அவளே சொல்வாள். எந்த ஊர்க் குப்பை, யார் போட்டது என்று கேட்டால், "குப்பைன்னா குப்பதான், போய் வேலையப் பாரு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மற்றபடி என்னை உயிராக வளர்த்தாள். காய்ச்சல் வந்தால் மடியை விட்டு இறக்க மாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவார்கள். அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது. பெரியவளான பிறகும் குப்பை வண்டி வந்தால் கடை ஷட்டரை இழுத்துவிடுவேன். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரியும். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட மாட்டேன். சில நாள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலே குமட்டும். நாயும் பன்றியும் கிளறுகிற இடத்தில் கிடந்த உடம்புதானே இது என்று தோன்றும்.

சபைக்கு வந்தேன், அங்கேயும் அதே கதை. பாஸ்டர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. யார் புதிதாக வந்தாலும் என்னை எழுப்பி நிறுத்தி, குப்பையிலிருந்து தேவன் தூக்கியெடுத்த மகள் என்று அறிமுகம் செய்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். முன்வரிசை அக்காமார்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பேன்.

போன வருஷம் ஆடி மாதம் அம்மா இறந்துபோனாள். எனக்கு இருந்த ஒரே ஆள் அவள். வாய்க்கரிசி போடுவதற்கு நான் அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு போனபோது சித்தப்பா குறுக்கே வந்து நின்றார். எப்போதோ இறந்துபோன வளர்ப்பு அப்பாவின் தம்பி அவர். காலையிலேயே குடித்திருந்தார்.

"நவுரு. காவாந்தண்டலம் குப்பமேட்டுல பொறுக்கினு வந்ததுக்கு இன்னா உரிமை கீது?"

அவர் எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. சாராய நாற்றம். பந்தலில் இருந்தவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர் கையைத் தட்டிவிட்டு என் அம்மாவுக்கு அரிசி போட்டேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என்னைப் பெத்தவளைக் காட்டும். அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும். அதற்கு மட்டும் உதவி செய்யும்" என்றேன். ஒரு விசுவாசி கேட்கிற ஜெபமா இது? ஆனால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. பொய்யாக மன்னிக்கிறேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. தினமும் அதையேதான் கேட்டேன். அழுகை நின்றுவிட்டது, அருவருப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் காலையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சட்டென்று உறைத்தது. காவாந்தண்டலம். எந்த ஊர் என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. சித்தப்பா திட்டுகிற வேகத்தில் ஊர் பேரைக் கக்கிவிட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆண்டவர் பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் எனக்குப் பிடிக்காத அந்த வாயிலிருந்து. கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "முப்பத்தாறு வருஷத்துக்கு முன்ன இந்த ஊர்ல பச்சக் கொழந்தைய குப்பையில போட்டது யாரு?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர்களில் மூத்தவர் சொன்னார். "யாருன்னு சொல்றது? என்னையும் குப்பையிலதான் போட்டாங்க. என் பேரும் குப்பம்மாதான்."

அவர்தான் விளக்கினார். பிறக்கிற குழந்தைகளெல்லாம் செத்துப்போகிற வீட்டில், அடுத்த குழந்தை பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் கிடத்துவார்களாம். வேண்டாத பிள்ளை என்று நினைத்துச் சாவு விட்டுவிட்டுப் போய்விடுமாம். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஈ மொய்க்கிற இடத்தில் பச்சைக் குழந்தையா? இது என்ன மூடத்தனம்?

சட்டென்று அவர் என்னை உற்றுப் பார்த்தார். "யம்மா, சரோஜா எடுத்துக்கினு போச்சே, முனியம்மா புள்ள… நீயா அது?"

நான் தலையாட்டினேன்.

"மூணு புள்ளைய மண்ணுல வெச்சவ அவ. நீ நாலாவது. பக்கத்து வூட்டு சரோஜாதான் உன்ன எடுத்துது. தவிட்ட எடுத்துக்கினு போன முனியம்மா, வாங்காம நின்னுட்டா. என் வூட்டுக்கு வந்தா இதுவும் செத்துடும், நீயே வெச்சுக்க, யாரு கேட்டாலும் குப்பையில கெடந்துச்சுன்னே சொல்லுன்னு சரோஜா கையப் புடிச்சிக்கினா. சரோஜாவுக்கும் புள்ள இல்ல. அடுத்த வாரமே வூட்டக் காலி பண்ணிக்கினு உன்னத் தூக்கிக்கினு போயிடுச்சு."

அம்மா கொடுத்த வாக்கை என்னிடம்கூட மீறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

முனியம்மா வீட்டைக் காட்டினார்கள். அவள் ஆட்டுப்பட்டியில் புழுக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் அழுக்கு, வாய் நிறையப் புகையிலை. இவ்வளவு கேட்ட பிறகும் என் வாயில் எச்சில் ஊறி நின்றது உண்மை. "சரோஜா வளத்த குப்பு நான்" என்றேன்.

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. "உயிரோட கீறியா?" என்றாள். பிறகு நான் துப்புவதற்கு முன்னால் அவள் துப்பினாள். தூ, தூ, தூ. என்மேல் கண் பட்டுவிடக் கூடாது என்று, குழந்தைக்குத் துப்புவதுபோல. புகையிலைச் சாறு என் துப்பட்டாவில் தெறித்தது. உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போயிடு தாயி. நான் உன்னப் பாக்கக்கூடாது. பாத்தா உனுக்கு எதுனா ஆயிடும்."

நான் என் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டேன். ஆனால் திட்டாமல் விடவில்லை. "இத்தினி வருஷமா பஸ் ஓடிக்கினு இருக்குது. ஒரு வாட்டி வந்து பாத்தியா? எனக்கு எதுவும் ஆவல. திரும்பிப் பாரு!" என்று கத்தினேன். அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு தாயையும் மகளையும் இப்படிப் பிரித்துவைத்த அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்புதான். சித்தப்பா மேலும் அருவருப்புதான். அதை ஆண்டவர் இன்னும் எடுத்துப் போடவில்லை, எடுத்ததாக நான் நடிக்கவும் மாட்டேன். ஆனால் என் உடம்பின் மேல் இருந்த அருவருப்பு போய்விட்டது. கை கழுவுவது குறைந்துவிட்டது. என்னைச் சாக விடக் கூடாது என்றுதான் என்னை விட்டார்கள். வேண்டாம் என்று யாரும் என்னை எறியவில்லை. பாஸ்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது நம்ம டெய்லர் கிருபா என்று மட்டும் சொல்கிறார். அதற்காக ஐயாவுக்கு நன்றி.

மனசு அசிங்கமாகக் கிடக்கும்போது ஜெபிக்கக் கூடாது என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு ஒன்று சொல்வேன். சுத்தமாகிவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். என்ன இருக்கிறதோ அதோடு போய்க் கேளுங்கள். நான் துப்புவதற்கு ஒரு முகம் கேட்டேன். அவர் எனக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காவாந்தண்டலம் போகிறேன். தெருவில் அம்மா என்று கூப்பிட்டால் சாவுக்குக் கேட்டுவிடும் என்று அவள் இன்னும் விடுவதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டில் முதல் தடவையாகப் பாய் விரித்துப் படுத்தேன். கண் மூடியிருந்ததே தவிர, தூங்கவில்லை. ஆட்டு வாசம் அடிக்கிற ஒரு விரல் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.