மூன்று கோல் விட்ட லிங்கேஸ்வரன்

லிங்கேஸ்வரனுக்கு வயது நாற்பத்து மூன்று. மலைத்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய பிழைப்பு. தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குக் கோல் காப்பதுதான் வாழ்க்கை. இருபத்திரண்டு ஆண்டுகளில் தீபாவளிக் கிண்ணம், மேதினக் கிண்ணம், கோயில் திருவிழாக் கிண்ணம், யாரோ ஒரு வேட்பாளர் கொடுத்துவிட்டுத் தோற்றுப்போன கிண்ணம் என்று எல்லாவற்றுக்கும் பாய்ந்து விழுந்தாயிற்று. தேசியக் கிண்ணம் மட்டும்தான் பாக்கி.

இந்த ஆண்டு சிறிய குழுக்களும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். குழுவின் செயலாளரும் தோட்ட அலுவலக எழுத்தருமான சுப்பிரமணியம் கிராணி அன்றைக்கே விண்ணப்பப் பாரம் நிரப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு கோல் கம்பத்துக்கு இளைஞன் கோகிலன் வருவதென்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதை லிங்கேஸ்வரனின் வலது முழங்கால் முன்மொழிய, இடது முழங்கால் வழிமொழிந்திருந்தது. ஆகவே அவருக்கு வேண்டியது தேசியக் கிண்ணத்தில் ஒரே ஓர் ஆட்டம். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"ஒரு பந்து புடிச்சாப் போதும் லா," என்றார் மனைவி சசிரேகாவிடம்.

"கேஸ் தோங் ரெண்டு நாளா காலியாக் கெடக்கு. மொதல்ல அதப் புடிச்சிட்டு வாங்க," என்றார் அவர், அடுப்படியில் கிடந்த எரிவாயுக் கலனைக் காட்டி.

முதல் சுற்று சொந்தத் திடலில், பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. ஈப்போவிலிருந்து வரவேண்டிய எதிரணியை, மலைச்சாலையில் கியா பார்ம் சந்தைப் பக்கத்து வாகன நெரிசல் விழுங்கிவிட்டது. ரெப்ரி அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வராத அணி தோற்றதாக, விதிப்படி மூன்றுக்குச் சுழியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறுமி முழங்கியது. கிராணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோல் காவலரைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. தூக்கும்படி அவரும் எதையும் செய்திருக்கவில்லை.

எதிரணியின் பஸ் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு இறங்கினார்கள்.

"சும்மா ஒரு பாதி ஆடுவமா தம்பி?" என்று கெஞ்சினார் லிங்கேஸ்வரன்.

அவர்களுடைய தலைவன் திடலை மூடியிருந்த பனிமூட்டத்தை உற்றுப் பார்த்தான். "ஆடலாம் அண்ணே. கோல் எந்தப் பக்கம் இருக்கு?"

அன்றிரவு குழுவின் வாட்ஸ்அப்பில், தேசிய அளவில் ஒரு கோலும் விடாத காவலர் என்று கிராணி வாழ்த்துப் போட்டார். லிங்கேஸ்வரன் படித்தார். அழுக்காகாத கையுறைகளை மடித்து வைத்தார்.

இரண்டாம் சுற்று கீழே சமவெளியில், தெலுக் இந்தானில், நான்கு நாள் தொடர் விடுமுறையின் கடைசி நாள், மாலை நாலரைக்கு.

"கிராணி ஐயா, விடியறதுக்குள்ள எறங்கிடணும்," என்றார் லிங்கேஸ்வரன்.

"என்னாப்பா நீ? ஜேமு மேல ஏறி வர்றவனுக்குத்தான். நாம எறங்குறோம். பசியாறிட்டு பதினோரு மணிக்குப் போலாம்."

மலையில் வாழ்பவர்களுக்கு நெரிசல் என்பது வெளியூர்க்காரர்களுக்கு வரும் சீக்கு. ஏறி வந்தவன் ஒருநாள் இறங்கவும் செய்வான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த ஒருநாள் அன்றைக்கே வந்தது. இறங்கும் வழியில் ரிங்லெட்டைத் தாண்டும்போது மணி இரண்டு. அதன்பின் பஸ்ஸைவிடச் சாலையோரத்து நத்தைகள் முன்னேறின.

பின்னால் குழுக் கொடியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த ரசிகன் காளியப்பன் மட்டும் இடுக்கில் புகுந்து முன்னே வந்தான். லிங்கேஸ்வரன் கையுறைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கி அவன் பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஒத்த ஆளாப் போயி என்னாப்பா செய்யப்போற?" என்றார் கிராணி.

"நீங்க வர்ற வரைக்கும் ரெப்ரியப் புடிச்சு வைக்கிறேன்."

திடலை அடைந்தபோது நாலே முக்கால். எதிரே பதினொரு பேர் வரிசையாக நின்றார்கள். குறைந்தது ஏழு பேராவது இருந்தால்தான் ஆட்டம் என்றார் ரெப்ரி. லிங்கேஸ்வரன் தம்மை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு, கையுறை மாட்டி, கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். யாரும் விரட்டவில்லை. ஐந்து மணிக்கு விசில். மூன்றுக்குச் சுழியம், இந்த முறை அந்தப் பக்கம்.

எதிரணியில் முகுந்தன் என்றொரு இளைஞன். உடம்பைச் சூடாக்கிக்கொண்டது வீணாகப் போகக்கூடாது என்று நினைத்திருப்பான். பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்தான். "அங்கிள், ஒன்னு அடிக்கவா?"

"அடி லா."

உண்மையான அடி. லிங்கேஸ்வரன் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து உள்ளங்கையில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. வலது முழங்காலும் ஏறக்குறைய அப்படியே போனது. முகுந்தன் கைதட்டினான். ரெப்ரி பையைக் கட்டிக்கொண்டிருந்தார். காளியப்பன் செண்டோல் குடிக்கப் போயிருந்தான்.

மறுநாள் பத்திரிகையில் ஒரே வரி: மூன்றுக்குச் சுழியம். தொழிற்சாலை வாசலில் கோகிலன் பிடித்துக்கொண்டான். "என்னா அண்ணே, பந்தே வராம மூனு விட்டீங்களாமே?"

"ஒன்னு புடிச்சேன்."

"யாரு பாத்தா?"

லிங்கேஸ்வரன் உருட்டு இயந்திரத்தைப் பார்க்க உள்ளே போனார்.

வீட்டில் சொன்னபோது சசிரேகா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "எந்தக் கையி?"

"எடது."

சசிரேகா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். தேயிலைக் கறைக்கு நடுவில் உள்ளங்கை லேசாக வீங்கியிருந்தது.

"அப்ப வலது சும்மாத்தான இருக்கு," என்று, மறுபடியும் காலியாகிக் கிடந்த கேஸ் தோங்கை நோக்கித் தாடையை ஆட்டினார்.